பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம்

என் மகன் முதல் அடி எடுத்து வைத்ததை நான் பார்க்கவில்லை. ஜோசபின் அக்கா பார்த்தாள். அன்று நான் மலையடிக் காட்டில் ரப்பர் பால்மரம் சீவிக்கொண்டிருந்தேன். பாலை ஸ்டோரில் ஊற்றிவிட்டு, மார் கட்டி வலிக்க ஆயாக் கொட்டகைக்கு ஓடி வந்தால், "இன்னிக்கு உம் மவன் நாலு அடி நடந்தான் மருதம்மா" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. நான் வரும்வரை பொறுத்திருக்கக் கூடாதா என்று அந்த ஒரு வயதுப் பிள்ளைமேல் கோபம் வந்தது. அவள்மேல் வந்த கோபத்தைச் சொல்லவே வேண்டாம்.

மலாயாவில், கெடா மாநிலத்துப் புக்கிட் செலம்பாவுக்கு உள்ளே இருக்கிற எங்கள் தோட்டத்தில் அவளைத் தெரியாதவர் இல்லை. ஆனாலும் அவளைப் பற்றி எழுதி வைக்க அவளுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அதனால் நான் எழுதுகிறேன். அவளைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவள் நான். அந்த அளவுக்கு அவளைக் கவனித்தவர்கள் வேறு யாரும் இருக்க முடியாது.

அவள் பிறந்தது செர்டாங் பக்கம். பதினெட்டு வயதில் அந்தோணிதாஸ் என்பவருக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தாள். அவர் புகைக்கொட்டகையில் ரப்பர் பால்ஷீட் காயவைக்கிற வேலை பார்த்தார். இரண்டாம் வருஷம் காய்ச்சலில் போய்விட்டார். தோட்டத்தை விட்டுப் போகாமல் இருக்கட்டும் என்று அவளை ஆயாக் கொட்டகையில் போட்டார்கள். தாய்மார்கள் மரம் சீவப் போகிற நேரத்தில் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. விட்டத்தில் பத்துப் பன்னிரண்டு தூளிகள் தொங்கும். பிள்ளைகள் எல்லாம் அவளை ஆயாம்மா என்று கூப்பிடும்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. அடம்பிடித்து அழுகிற பிள்ளையை உடனே தூக்க மாட்டாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, அதன் முகத்தைப் பார்க்காமல், துணி மடிப்பாள். அரிசியில் கல் பொறுக்குவாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பிள்ளையே தவழ்ந்து வந்து அவள் மடியில் ஏறிக்கொள்ளும். பெற்ற எனக்கு அந்தப் பொறுமை வரவில்லை. நான் தூக்கித் தூக்கிக் குலுக்குவேன். பரஞ்சோதி இன்னும் கத்துவான். அவள் கைக்குப் போனதும் அடங்குவான். மற்றப் பெண்கள், "நல்லா வளத்து வச்சிருக்கா" என்பார்கள். அந்தப் பேச்சு எனக்கு ஆகாது.

எங்கள் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், அவள் வீடும் என் வீடும் அடுத்தடுத்தவை. நடுவில் ஒரு பலகைச் சுவர்தான்.

ஜப்பான்காரன் வந்தான். துரை ஓடிப்போனார். பால் வாங்க ஆளில்லாமல் மரங்கள் சும்மா நின்றன. ஆயாக் கொட்டகையை மூடிவிட்டார்கள். அரிசி கண்ணில் படவில்லை. எல்லாரும் மரவள்ளி நட்டோம். சாக்கைக் கிழித்து உடுத்தினோம். தோட்டத்தைக் கணக்கெழுதும் கிராணிதான் நடத்தினார், ஜப்பான்காரன் சொன்னபடி.

நாற்பத்து மூன்றாம் வருஷம் சித்திரையில், சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடித்தார்கள். வீட்டுக்கு ஒரு ஆண். மூன்று மாதத்தில் திருப்பி அனுப்புவதாகச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் நடராஜா, ஆபீசுக்குப் போய்விட்டு வந்து, "எம் பேரு வந்திருச்சு" என்றார். அவ்வளவுதான். மறுநாள் லாரியில் ஏறினார். ஏறும்போது பரஞ்சோதியின் தலையைத் தொட்டார். அவனுக்குப் பதினாறு வயது. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

என்னிடம் விரல்நகம் அளவு கற்பூரம் ஒன்று இருந்தது. கடைகளில் கற்பூரம் என்ற பேச்சே போய்விட்ட காலம். கரைந்து போகாமல் இருக்க மிளகோடு சேர்த்து ஒரு டப்பாவில் வைத்திருந்தேன். அவர் திரும்பி வருகிற அன்று முனியாண்டிக்கு ஏற்றுவதாக வேண்டுதல்.

பரஞ்சோதி கரிச்சூளை வேலைக்குப் போனான். அப்போது லாரிகளெல்லாம் கரியில்தான் ஓடின. காட்டோரம் சூளை போட்டிருந்தார்கள். விடிந்து போனால் மாலையில் முகமெல்லாம் கரியாக வருவான். வந்து பேச மாட்டான். ஆனி மாதத்தில் ஒருநாள், மூன்று வேளைக்கென்று நான் அவித்து வைத்திருந்த மரவள்ளியை ஒரே உட்காரலில் முழுக்கத் தின்றுவிட்டான். தின்றுகொண்டே சிரித்தான். கண் இரண்டும் செக்கச்செவேல் என்று இருந்தன. சட்டையில் கரிப்புகையோடு இன்னொரு வாடை. அந்த வாடை எனக்குத் தெரியும். எங்கள் தோட்டத்தில் பழனியாண்டி என்று ஒரு வயசாளி, சூளைக்குக் காவல் இருப்பவர், வெகுநாளாகக் கஞ்சா குடிக்கிறவர். அவர் பக்கத்தில் போனால் அதே வாடை வரும்.

"பழனியாண்டி குடுத்தானா?"

"யாரும் ஊட்டி விடலம்மா. நான்தான் கேட்டு வாங்குனேன்."

"ஒங்கப்பன் சயாமுல கல்லு சுமக்குறாரு. நீ இங்க கஞ்சா குடிச்சிட்டு இளிக்கிற."

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. அப்போதே நானும் நிறுத்தியிருக்க வேண்டும். அப்பன் பெயரைச் சொன்னதும் ஒரு பிள்ளையின் முகம் அப்படிப் போனால் ஏன் என்று கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முனியாண்டி கோயிலுக்குப் போனேன். கோயில் என்றால் ஒரு மரம், ஒரு சூலம், ஒரு கல். மிளகு டப்பாவைத் திறந்து அந்தக் கற்பூரத்தைக் கல்மேல் வைத்து ஏற்றினேன்.

"அடிச்சு அணைச்சு சத்தியம் பண்ணு. இனிமே தொட மாட்டேன்னு. ஒங்கப்பா தலமேல."

எங்கள் வழக்கத்தில் அதற்கு மேல் சத்தியம் இல்லை. எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்தால், சொன்ன சொல்லுக்குச் சாமி சாட்சி. பொய்த்தால் யார் தலைமேல் சொன்னோமோ அவருக்குக் கேடு. பரஞ்சோதி என்னையே பார்த்தான். "அப்பா மேல வேணாம்மா. எம் மேல பண்றேன்."

"பயமா இருக்குல்ல? அதுக்குத்தான். பண்ணு."

பண்ணினான். உள்ளங்கையில் சின்னக் கொப்புளம் வந்தது. நான் தேங்காயெண்ணெய் தடவினேன். பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன் என்று நிம்மதியாகப் போய்ப் படுத்தேன்.

அதற்குப் பிறகு அவன் என்னிடம் பேசுவதே நின்றுபோனது. வேலை விட்டு வந்ததும் குளித்துவிட்டு ஜோசபின் அக்கா வீட்டுக்குப் போய்விடுவான். அவள் மரவள்ளி சீவி, மாவு பிழிந்து காயவைப்பாள். அவன் அந்த ஈரத்துணியை முறுக்கிப் பிழிந்து கொடுப்பான். பொழுது சாய்கிற நேரத்தில் பலகைக்கு இந்தப் பக்கம் நான் அடுப்பு ஊதிக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கம் அவன் குரல் கேட்கும். சொற்கள் கேட்காது, முணுமுணுப்புத்தான். நீள நீளமாகப் பேசுவான். என்னிடம் "சரி", "இல்ல", "போட்டுட்டுப் போங்க" என்பதற்கு மேல் வராத வாய். அவள் நடுவில் "ம்" என்பாள். ஒருநாள் அவன் அங்கே சிரித்தான். எனக்கு அடுப்புப் புகை இல்லாமலே கண் எரிந்தது.

பலகையில் காதை வைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மூன்று நாள் வைத்தேன். நாலாம் நாள் விளக்குக்கு முன்னால் நின்று, "என் பிள்ளையை அவளிடமிருந்து பிரித்துக் கொடு" என்று சாமியைக் கேட்டேன். அப்படி ஒரு வேண்டுதலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

ஒருநாள் கன்னம் வீங்கி வந்தான். கேட்டால், "விழுந்துட்டேன்" என்றான். மறுநாள் குழாயடியில் ஜோசபின் அக்கா, "கன்னத்துக்கு மஞ்சப் பத்துப் போட்டியா மருதம்மா? பாலத்துல நிக்கிற ஜப்பான்காரன், இவன் சிரிச்சான்னு மோதிரக் கையால அறஞ்சிருக்கான்" என்றாள். சுற்றி நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் மகனை யார் அறைந்தார்கள் என்பதை நான் அடுத்த வீட்டுக்காரியிடம் தெரிந்துகொள்கிறேன்.

"எல்லாம் ஒங்ககிட்டதான் சொல்லுவான். நீங்கதானே பெத்தீங்க" என்றேன்.

"அப்டிச் சொல்லாத தங்கச்சி."

"எதச் சொல்லாத? பெத்துப் பாத்திருந்தா, அடுத்தவ பிள்ளைய இழுத்து மடியில போட்டுக்கத் தோணாது."

அவள் குடத்தை நிரப்பினாள். நிரம்பி வழிந்தும் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று மாலை பரஞ்சோதி அங்கே போனபோது, "வீட்டுக்குப் போய்யா, அம்மாகூட இரு" என்று அவள் சொன்னது பலகை வழியே தெளிவாகக் கேட்டது. அவன் வீட்டுக்கு வரவில்லை. சூளைப் பக்கம் போனான். கண் சிவந்து திரும்பினான்.

சத்தியம் உடைந்தது எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரிந்தது. இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

ஆடி மாதம் இரண்டாவது லாரி வருகிறது என்று பேச்சு. வெள்ளிக்கிழமை. இந்தத் தடவை வீட்டுக்கு ஒருவர் என்று எழுதவில்லை. கையில் அகப்பட்டவர்களை ஏற்றுவார்கள், தானாக வருகிறவர்களுக்கு அரிசி கொடுப்பார்கள் என்றார்கள். புதன்கிழமை மதியம் நான் லயத்துக்குப் பின்னால் விறகு பிளந்துகொண்டிருந்தபோது ஜோசபின் அக்கா வந்தாள். குழாயடிக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவள் நிற்கவில்லை. என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பிளந்த விறகை எடுத்து அடுக்கத் தொடங்கினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆயாக் கொட்டகையில் அழுகிற பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்வதைப் போல. எனக்குப் புரிந்தது. புரிந்ததில் இன்னும் எரிந்தது.

"வெள்ளிக்கிழம பரஞ்சோதி லாரியில ஏறப்போறான். தானாவே" என்றாள்.

என் கத்தி விறகில் மாட்டிக்கொண்டது.

"எதுக்கு?"

"அத அவந்தான் சொல்லணும். நான் சொல்லிட்டா, இந்தத் தோட்டத்துல யாரையும் நம்பி அவன் வாயத் தொறக்க மாட்டான். போறான்கிறத மட்டும் சொல்லாம இருக்க முடியல."

"ஒங்ககிட்ட சொன்னத எங்கிட்ட ஏன் சொல்லல? நான் என்ன பேயா?"

"நீ அம்மா. நீ ஒடஞ்சு போனா அவன் தாங்க மாட்டான். எங்கிட்ட அவன் எத வேணாலும் சொல்லலாம், நான் செத்தாக்கூட அவனுக்கு ஒண்ணும் இல்ல." விறகை நேராக அடுக்கினாள். "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. நெதம் வந்து ஒக்காந்து என்ன பேசறான்னு நெனக்கிற? அம்மா இன்னிக்குச் சாப்புடல, அம்மா கால் வீங்கியிருக்கு, அம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும். ஒன்னப் பத்தித்தான். பதினாறு வருசமா ஊரு பிள்ளைங்கள வளத்துருக்கேன் மருதம்மா. ஒரு பிள்ளை என்னப் பத்தி இன்னொருத்தர்கிட்ட அப்டிப் பேசினதில்ல. எனக்கும் வயிறு எரியும்."

எழுந்து போகும்போது இதையும் சொன்னாள்: "கேக்கப்போனா மொகத்தப் பாத்துக் கேக்காத. வேல செஞ்சுக்கிட்டே கேளு. பதில் வர்ற வரைக்கும் சும்மா இரு. அதான் கஷ்டம்."

வியாழக்கிழமை காலையில் அவனைச் சூளைக்கு விடவில்லை. "கெழங்கு தோண்டணும், வா" என்று மரவள்ளிக் கொல்லைக்குக் கூட்டிப்போனேன். ஒரு வரிசையில் அவன், அடுத்த வரிசையில் நான். மண் மழையில் ஊறியிருந்தது. நாலைந்து செடி பிடுங்கும்வரை பேச்சை எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை. வாய்வரைக்கும் திட்டு வந்தது. விழுங்கினேன்.

"அது எப்டிய்யா இருக்கும்?" என்றேன்.

"எது?"

"கஞ்சா."

அவன் கை நின்றது. நான் என் செடியைப் பார்த்துக்கொண்டே தோண்டினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு கூடை நிறைகிற நேரம் இருக்கும்.

"மொதல்ல தொண்ட எரியும்" என்றான். "அப்பறம் தலைக்குள்ள சத்தம் அடங்கும்."

"என்ன சத்தம்?"

அதற்கும் ஒரு செடி நேரம் ஆனது.

"கிராணி பேரு படிக்கிற சத்தம். அன்னிக்கு ஆபீசுல எழுதியிருந்தது எம் பேருதாம்மா. அப்பா கிராணி கால்ல விழுந்து மாத்துனாரு. ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. நான் அங்கயே நின்னேன். நான் போறேன்னு சொல்லல. வாயே வரல."

மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் என்னிடம் பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்தப் பொய்யைப் பிள்ளை மூன்று மாதமாகத் தனியாகச் சுமந்திருக்கிறான். அதன்மேல் நான் கற்பூரத்தை வைத்து ஏற்றியிருக்கிறேன்.

"அப்பறம் அவரு தலமேலயே சத்தியம் வாங்கிட்டீங்க. எட்டு நாளு இருந்தேம்மா. நெசமா எட்டு நாளு. முடியல. இப்ப அவருக்கு ஏதாவது ஆனா நான்தான். அதனால போயி அவரத் தேடிப் பாக்கறேன். இருந்தாருன்னா நான் அங்க நின்னுக்கறேன், அவர அனுப்பிடறேன்."

அப்படியெல்லாம் மாற்றி அனுப்ப மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் பதினாறு வயது.

"அந்தச் சத்தியம் நான் வாங்குனது" என்றேன். "வாங்குனவ திருப்பிக் குடுக்கலாம்."

"குடுக்க முடியுமா? சாமி ஒத்துக்குமா?"

"சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். தப்பு எம்மேல. கோவத்துல கேக்கக் கூடாதத கேட்டுட்டேன்."

கொடுக்கலாம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆனால் அடித்து அணைத்த சத்தியத்தை அதே இடத்தில் மறுபடி நெருப்பு ஏற்றித்தான் எடுக்க முடியும் என்று என் மனசுக்குத் தோன்றியது. நெருப்புக்குக் கற்பூரம் இல்லை. லயத்துக்குத் திரும்பியபோது வாசலில் நின்ற ஜோசபின் அக்கா விஷயத்தைக் கேட்டுவிட்டு உள்ளே போய் ஒரு மெழுகுவத்தித் துண்டை எடுத்து வந்தாள். மந்திரித்த மெழுகுவத்தி. கல்லறைத் திருநாளில் அந்தோணிதாஸ் அண்ணன் குழியில் ஏற்ற வைத்திருந்தது.

"வேணாங்கக்கா" என்றேன். அவருக்கு வைத்திருப்பதை எடுக்கக் கூடாது என்று வாயில் சொன்னேன். மனசில் வேறு. என் பிள்ளையின் சத்தியத்தை எடுக்கிற நெருப்பும் அவள் வீட்டிலிருந்தா வர வேண்டும்?

ஒட்டுப்பாலை எடுத்துக்கொண்டு போனேன். மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கிற ரப்பர். மண்ணெண்ணெய் இல்லாத அந்த நாளில் அதைத்தான் பந்தமாகக் கொளுத்துவோம். கல்மேல் வைத்துப் பற்றவைத்தேன். கறுப்புப் புகை குபுகுபுவென்று கிளம்பியது. நாற்றம் தாங்கவில்லை. "சாமி, நான் வாங்குன சத்தியத்த நானே எடுத்துக்கறேன். எம் புருசனுக்கும் எம் புள்ளைக்கும் அதனால ஒண்ணும் வரக் கூடாது" என்று சொல்லி முடிக்குமுன் இருமல் வந்துவிட்டது. அவனுக்கும் இருமல். கண்ணில் தண்ணீர் கொட்ட இருமிக்கொண்டே, "அம்மா, முனியாண்டி ஓடிப்போயிருப்பாரு" என்றான்.

"கஞ்சாவவிட மோசமா?"

"எவ்வளவோ மோசம்மா."

இரண்டு பேரும் சிரித்தோம். சாமி முன்னால் அப்படிச் சிரித்தது பாவமோ என்னவோ. முகமெல்லாம் புகைக்கரி. அப்புறம் அவன் அழுதான். நான் தூக்கிக் குலுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சூலத்தடியில் விழுந்திருந்த சருகைப் பொறுக்கினேன். அவனாகவே வந்து தோளில் சாய்ந்தான்.

"நீ அதக் குடிக்கறது எனக்குப் புடிக்கல" என்றேன். "சூளை வாயில தூங்கி விழுந்துருவியோன்னு பயமா இருக்கு. பாலத்துல சிரிச்சு அறை வாங்குன மாதிரி இன்னொரு நாளு சுட்டுருவானோன்னு பயமா இருக்கு. விடணும்னு கேக்கறேன். சத்தியம் கேக்கல. தவறிக் குடிச்சன்னா, எங்கிட்ட சொல்லு. அது போதும்."

"திட்டுவீங்க."

"திட்டுவேன். ஆனாலும் சொல்லு."

வெள்ளிக்கிழமை லாரி வந்தபோது நாங்கள் மூன்று பேரும் மலையடிக் காட்டுக்குள் இருந்தோம். வழி காட்டியது பழனியாண்டிதான். ஜோசபின் அக்கா பிழிந்த மாவில் அடை சுட்டு எடுத்து வந்திருந்தாள். முதல் அடையை அவள் அவனிடம் நீட்ட, அவன் வாங்கி என்னிடம் கொடுத்தான். அவள் அதைப் பார்த்தாள். நான் அவள் பார்த்ததைப் பார்த்தேன்.

உடனே விட்டுவிட்டான் என்று எழுத ஆசைதான்; ஆனால் அது பொய். இரண்டு வாரம் கழித்து அடுப்படியில் வந்து நின்று, "நேத்து ரெண்டு இழுப்பு இழுத்தேம்மா" என்றான். முதலில் நான் கேட்டது, "ஆயாம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. மொதல்ல ஒங்ககிட்டதான்."

கடவுள் மன்னிக்கட்டும், அவன் கஞ்சா குடித்த சேதியில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பிறகுதான் திட்டினேன். அப்புறம் மாதம் ஒரு தடவை ஆனது, அதற்கப்புறம் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போனது.

சண்டை முடிந்து மறுவருஷம், சயாமிலிருந்து திரும்பிய ஒருவர் குருண் சந்தையில் பரஞ்சோதியைப் பார்த்து, நடராஜா அங்கே பேதியில் இறந்த விவரத்தைச் சொல்லியிருக்கிறார். நாளும் சொன்னார். நான் கற்பூரம் ஏற்றுவதற்கு முந்தின மாதமே என் வீட்டுக்காரர் போய்விட்டார். அவன் குருணிலிருந்து நடந்தே வந்தான். ஜோசபின் அக்கா வாசலில் மாவு காயவைத்துக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்து எழுந்துவிட்டாள். அவன் அவளைத் தாண்டி வந்தான். என்னிடம் வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் ஆய்ந்துகொண்டிருந்த கீரையில் பாதியைத் தன் பக்கம் இழுத்து ஆய்ந்துகொண்டே சொன்னான்.

வெகுநேரம் கழித்துத்தான் வாசலைப் பார்த்தேன். அவள் படியேறவில்லை. மாவுக் கையோடு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தாள். தான் வளர்த்த பிள்ளையின் துக்கத்துக்குக் கூப்பிடாமல் உள்ளே வரலாமா என்று தெரியாமல் நின்றாள். அப்படி அவளை நிறுத்தி வைத்தது நான்தான், பதினெட்டு வருஷமாக.

"உள்ள வாங்கக்கா" என்றேன். "வரும்போது அந்த மெழுகுவத்தி இருந்தா எடுத்துட்டு வாங்க."

இருந்தது. அந்த மூன்று வருஷமும் அவள் அதை எதற்கும், அந்தோணிதாஸ் அண்ணன் குழியில்கூட, ஏற்றியிருக்கவில்லை.